நலம் விசாரித்த வங்கி

எங்கள் ஊர் வங்கி இரக்கமுள்ள வங்கி. இதை நான் சொல்லவில்லை, வங்கியே சொல்கிறது. வாசல் கண்ணாடியில் ஆளுயரப் படம் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு பெண் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, கோப்பைக்குள்ளிருந்து யாரோ ஜோக் சொன்னதுபோலச் சிரிக்கிறாள். கீழே, ‘மனம் திறந்து பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்’ என்று எழுதியிருக்கிறது. வங்கியின் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு கட்டணம் போட்டுவிடுவார்கள்.

லண்டனில் ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம் அது. எங்கள் மீன்பிடித் துறைமுக ஊரான கிரிம்ஸ்பிக்கு ஓட்டப்பந்தயமும் வரவில்லை, பதக்கமும் வரவில்லை. என் பக்கத்து வீட்டு கிளெனிஸ் தர்ஸ்பி மீன் தொழிற்சாலையில் மீன் துண்டுகளுக்கு ரொட்டித் தூள் பூசும் வரிசையில் நின்றார். அந்த இலையுதிர் காலத்தில் அவருடைய வேலை நேரத்தைப் பாதியாக வெட்டினார்கள். சம்பளமும் பாதியானது. வாடகை மட்டும் முழுசாகவே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கிளெனிஸின் கணக்கு ஒரு ரொட்டியின் விலை அளவுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது.

வங்கி பதறிப்போனது. கையில் பணமில்லாத ஒரு பெண்மணி! சும்மா விடலாமா? முதலுதவியாக இருபத்தைந்து பவுண்டு ஓவர்டிராஃப்ட் கட்டணம் போட்டது. அந்தக் கட்டணத்தால் கணக்கு இன்னும் கீழே போனது. கீழே போனதற்கு இன்னொரு கட்டணம். வாடகைப் பணம் போகாமல் திரும்பியது, அதற்கும் ஒன்று. இவ்வளவையும் அன்போடு தெரியப்படுத்திய கடிதத்துக்கும் ஒன்று. சம்பளம் வந்த அன்று வங்கி முதலில் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இலையில் ஒட்டியிருந்ததை கிளெனிஸுக்குக் கொடுத்தது. நவம்பர் பிறந்தபோது, வீட்டைச் சூடாக்கும் கேஸ் மீட்டரில் போட அவரிடம் காசில்லை. வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு டி.வி. பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கஷ்டத்தில் இருப்பவர்கள் கேட்டால் வங்கிகள் இந்தக் கட்டணங்களைத் திருப்பித் தருவதைப் பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று பேப்பரில் படித்திருந்தேன். கிளெனிஸிடம் போய்ச் சொன்னேன்.

“வேணாம் கண்ணு. எதுக்கு வம்பு? அவங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்” என்றார். எங்கள் ஊர்ப் பெண்கள் பால்காரரிலிருந்து நீதிபதி வரைக்கும் எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஆமா, உங்க சம்பளத்தைத் தின்னு முடிக்கிற வேலை. போன் போடுங்க.”

என் வீட்டிலிருந்தே போன் போட்டார். காத்திருக்கச் சொல்லி போன் ஒரு யுகம் பியானோ வாசித்த பிறகு, வங்கியிலிருந்து ஒரு பெண் பேசினாள். “ஹலோ கிளெனிஸ்! இந்தப் பேச்சு பதிவாகுது, சரியா? இன்னிக்கு எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் கண்ணு. நீ எப்படி இருக்கே?”

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதில்தான் உண்டு. நேற்று வீடு எரிந்தவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். கேட்பவனும் அதற்கு மேல் எதிர்பார்க்க மாட்டான். அப்புறம் கிளெனிஸ் குறைந்த வேலை நேரம், வாடகை, கேஸ் எல்லாவற்றையும் கூச்சத்தோடு சொன்னார். நடுநடுவே நாலு முறை மன்னிப்புக் கேட்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ‘தங்கள் நலனில் நாங்கள் மிகுந்த அக்கறை கொண்டுள்ளோம். தங்கள் கோரிக்கையைக் கனிவுடன் ஆராய்ந்தோம். தாங்கள் நலமாக இருப்பதாகப் பேச்சின் தொடக்கத்திலேயே, எவருடைய தூண்டுதலுமின்றி, தெளிவான குரலில் அறிவித்துள்ளீர்கள். அதற்கு முரணாகப் பின்னர் கூறியவற்றை ஏற்பதற்கில்லை. தாங்கள் நலமாக இருப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி.’

நான் கிளெனிஸை இழுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கே போனேன். அவர் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல கோட்டைப் போட்டு, உதட்டுச் சாயமும் பூசிக்கொண்டு வந்தார். “பேங்குக்குப் போறோமில்ல” என்றார். அந்தக் கோட்டு புருஷன் சாவுக்கு வாங்கியது.

கிளையில் கவுண்டரையே காணோம். மேசை என்பது மனிதர்களுக்கு நடுவில் நிற்கும் சுவர் என்று தலைமையகம் புதிதாகக் கண்டுபிடித்திருந்தது. ஆகவே மேசைகளைத் தூக்கிவிட்டு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத ஊதா நிற சோபாக்களைப் போட்டிருந்தார்கள். பணம் கட்ட வந்த கிழவர் ஒருவர் அதில் புதைந்துபோய், யாராவது கை கொடுப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்த இளைஞனின் சட்டையில் ‘ஃபின்லே, உங்கள் நெருக்கடித் தோழன்’ என்று எழுதியிருந்தது.

“எப்படி இருக்கீங்க கிளெனிஸ்?” என்றான் ஃபின்லே.

“நல்...” என்று கிளெனிஸ் ஆரம்பித்ததும் நான் அவர் கணுக்காலில் ஒரு உதை விட்டேன்.

“ஏதோ... பரவாயில்ல” என்றார்.

ஃபின்லே முகம் வாடி, கையிலிருந்த பலகைக் கணினியில் ஏதோ தட்டினான். “பரவாயில்லைன்னா ரெண்டாம் வகை. ரெண்டாம் வகைக்கு மூச்சுப் பயிற்சி பத்தி ஒரு துண்டுப் பிரசுரம் தருவோம்.”

“பணம்?” என்றேன்.

“அது அஞ்சாம் வகைக்கு. வாடிக்கையாளரே தன் வாயால, ‘எப்படி இருக்கீங்க’ன்னு கேட்டதும், ‘மோசமா இருக்கேன்’னு சொல்லணும். நாங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது.”

“இதுவரைக்கும் யாராவது சொல்லியிருக்காங்களா?”

“இந்தக் கிளையில இல்ல சார். போன மாசம் ஒருத்தர் அந்த சோபாலயே மயங்கி விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப ஓடிப்போய்க் கேட்டேன். ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிட்டு, ‘பரவாயில்ல, சிரமம் குடுத்துட்டேன்’னாரு. ரெண்டாம் வகை.”

அவனை நொந்து பயனில்லை. அவன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். கிளெனிஸ் அந்தத் துண்டுப் பிரசுரத்துக்கு நன்றி சொல்லி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பயிற்சி தொடங்கியது. நான் பஸ் டிரைவர். தினமும் காலையில் கிளெனிஸ் என் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார். ஏறியதும் நான் கேட்பேன், “எப்படி இருக்கீங்க?”

“நல்லா இரு... அய்யோ, வந்துடுச்சு கண்ணு.”

“நாக்கைக் கடிச்சுக்குங்க. மறுபடியும். எப்படி இருக்கீங்க?”

“குளிர்தான் கொஞ்சம். வேற ஒண்ணுமில்ல.”

பின்னால் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நெவில் என்று ஒரு ஓய்வுபெற்ற மீன்பிடிக் கப்பல்காரர், “ஏன்பா அந்தம்மாவை வதைக்கிறே?” என்பார். அவருக்கும் அதே வங்கிதான். அவரையும் அதே கட்டணங்கள் அரித்துக்கொண்டிருந்தன. கேட்டால், “எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்” என்பார்.

டிசம்பரில் ஒரு நாள் கிளெனிஸ் ஏறினார். உதடு நீலம் பாரித்திருந்தது. வழக்கம்போலக் கேட்டேன். அவர் டிக்கெட்டை வாங்காமல் அப்படியே நின்றார்.

“மோசமா இருக்கேன்” என்றார். குரல் உடைந்தது. “மோசமாத்தான் இருக்கேன்! ஒரு மாசமா வீட்டுல சூடே இல்ல. ராத்திரி படுக்கைல என் மூச்சு எனக்கே புகையாத் தெரியுது. நாள் பூரா மீனைத் தொடுறேன், எனக்கு வாங்க ஒரு மீன் துண்டுக்கு வழியில்ல. இதுல அந்தப் பேங்கு எனக்கு மூச்சு விடக் கத்துக் குடுக்குது!”

ஒருவர் ஜன்னலுக்கு வெளியே இல்லாத காட்சியைப் பார்த்தார். ஒரு அம்மாள், காரணம் தெரியாமலே, “மன்னிச்சுக்குங்க” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வங்கிக்கு வேலைக்குப் போக அதே பஸ்ஸில் ஏறியிருந்த ஃபின்லே பின் இருக்கையிலிருந்து எழுந்து ஓடி வந்தான். “அற்புதம் கிளெனிஸ்! இதை அப்படியே ஒன்பதரைக்கு மேல கிளைக்கு வந்து சொல்லிடுங்க. பஸ்ல சொன்னா செல்லாது.”

அவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனார், சொன்னார். அந்தச் சூடு ஆறுவதற்குள் சொன்னதால் இன்னும் நன்றாகவே வந்ததாம். சோபாவில் புதைந்திருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள் என்றான் ஃபின்லே. ஐந்தாம் வகை மோசம்! தலைமையகம் மாவட்டத்தின் முதல் ஐந்தாம் வகைக்காகக் கிளைக்கு ஒரு கேக் அனுப்பியது. கட்டணங்கள் எல்லாம் பைசா பாக்கியில்லாமல் திரும்பி வந்தன. கிளெனிஸ் மீட்டரில் காசு போட்டார். அன்று மாலை அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததைத் தெருவில் நின்று பார்த்தேன்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கிளெனிஸுக்கு உண்மை பேசும் பழக்கம் தொற்றிக்கொண்டது. யாராவது நலம் கேட்டால் நின்று பதில் சொல்ல ஆரம்பித்தார். முதுகு வலி, ஃபோர்மேனின் வாய், வாடகை எல்லாவற்றையும் சொன்னார். பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. “நல்ல பொம்பளையா இருந்தாங்க, என்ன ஆச்சுன்னு தெரியல” என்று நெவில் என்னிடம் வருத்தப்பட்டார். அதற்கு முந்தின வாரம்தான் வங்கி அவர் பென்ஷனில் கை வைத்திருந்தது. “கிளெனிஸ் மாதிரி நீங்களும் போய்ச் சொல்லுங்களேன்” என்றேன். “எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்” என்றார்.

புத்தாண்டு முடிந்ததும் எங்கள் பஸ் கம்பெனி சம்பளம் போடும் முறையை நவீனப்படுத்தியது. நவீனமான அந்த மாதம் சம்பளம் ஒரு வாரம் தாமதமாக வந்தது. அதற்குள் என் கணக்கு பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டது. வங்கி பதறி ஓடி வந்து உதவியது. வாடகைக்கு வைத்திருந்த பணம் போயிற்று. மாதக் கடைசியில் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

கிளெனிஸ் வந்து என் போனை எடுத்துக் கையில் கொடுத்தார். தொழிற்சாலை பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். “நான் இருக்கேன் கண்ணு. பயப்படாதே” என்றார்.

பியானோ நின்றது. “ஹலோ! இந்தப் பேச்சு பதிவாகுது, சரியா? இன்னிக்கு எப்படி இருக்கீங்க?”

சொல்லவேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். தொண்டை வரைக்கும் வந்தது. கிளெனிஸ் பூட்ஸ் காலால் என் முழங்காலுக்குக் கீழே ஓங்கி ஒரு உதை விட்டார். கண்ணில் பொறி பறந்தது. ‘அம்மா’ என்று கத்திவிட்டேன்.

“அச்சச்சோ, என்ன ஆச்சு சார்?” என்றாள் அந்தப் பெண். “ரொம்ப வலிக்குதா?”

“சேச்சே, ஒண்ணுமில்லம்மா” என்றேன். “நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?”