மேட்ரன் பயந்த காட்சி

சேர்வராயன் மலையில் காட்டெருமைக்குப் பயப்படாத ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். இடிக்குப் பயப்படாதவர்களும், பனிமூட்டத்தில் விளக்குப் போடாமல் ஜீப் ஓட்டுகிறவர்களும்கூட இருக்கிறார்கள். ஆனால் மேட்ரனுக்குப் பயப்படாத ஆள் ஒருவரும் கிடையாது. காட்டெருமையே பயந்தது. நான் நேரில் பார்த்தேன்.

ஏற்காட்டில் ஒரு பெண் பிள்ளைகள் விடுதியில் இருபது வருஷத்துக்கு மேல் நான் ஆபீஸ் கிளார்க். அந்த விடுதிக்கு அவர்தான் மேட்ரன். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது அவருடைய கையெழுத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. மலை முழுக்க அவர் மேட்ரன்தான்.

ஒரு நாள் காலையில் சமையல்கட்டுக்குப் பின்னால், முட்டைக்கோஸ் பாத்தியில், ஒரு லாரி அகலத்துக்குக் காட்டெருமை ஒன்று நின்றுகொண்டிருந்தது. வாட்ச்மேன் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிவிட்டார். நான் ஆபீஸ் கதவைத் தாழிட்டு, மேஜையை அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடி வழியாகத் தைரியமாகப் பார்த்தேன். மேட்ரன் சாம்பார்க் கரண்டியோடு படியிறங்கி வந்தார். பத்தடி தள்ளி நின்றார்.

"ஏனுங்க, காலங்காத்தால இங்க என்னங்க வேலை? புள்ளைங்க ப்ரேயருக்குப் போகோணும். கெளம்புங்க."

அது கொஞ்சம் யோசித்தது. பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் போய்விட்டது.

அவருடைய மரியாதைதான் ஆபத்து. பிள்ளைகளைக் 'கண்ணு' என்று கூப்பிட்டால் வானம் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். 'சாமி' என்றால் மேகம் கூடுகிறது. பத்து வயதுப் பெண்ணைப் பார்த்து 'ஏனுங்க' என்றால், என்ன குற்றம் என்று தெரிவதற்கு முன்பே அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிடும். நான் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே என்னை அவர் 'ஏனுங்க கிளார்க்கு' என்றுதான் கூப்பிட்டார். இருபது வருஷம் நான் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் ஓய்வு பெற்று, கொட்டச்சேடு போகிற வழியில் ஒரு சின்ன வீட்டில் தனியாகக் குடியேறினார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நானும் ஓய்வு பெற்று, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காதர் அண்ணனின் குடைக்கடையில் உட்கார ஆரம்பித்தேன். போன வருஷம் ஒரு காலை, கடை வாசலில் மேட்ரன் வந்து நின்றார். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். அண்ணனும் எழுந்தார். அண்ணன் விடுதியில் வேலை பார்த்ததே இல்லை.

"ஏனுங்க கிளார்க்கு, உங்க காரு ஓடற நெலமையில இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க மேட்ரன்."

"தலைச்சோலைப் பக்கம் சீரியல் ஷூட்டிங் நடக்குது. அங்க போகோணுங்க."

ஷூட்டிங்காரர்கள் ரோட்டை அடைத்து வண்டிகளை நிறுத்துகிறார்கள் என்று ஊரில் ஒரே புகார். ஷூட்டிங்கை நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். பாவம், எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் என்று இரக்கம்கூட வந்தது.

"அவுங்களைத் திட்டறதுக்குங்களா?"

"நடிக்கறதுக்குங்க."

கையிலிருந்த குடை தானாக விரிந்துகொண்டது.

காரில் போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். இருபது வயதில் சென்னையில் அக்கா வீட்டில் இருந்தபோது டி.வி. நாடகங்களில் தலைகாட்டியிருக்கிறார். தண்ணீர் கொண்டுவரும் பெண், கதவு திறக்கும் பெண், அப்படி நாலு நாடகம். ஐந்தாவதில் முதன்முதலாக ஒரு வசனம் கொடுத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்ததாம். எத்தனை முறை எடுத்தும் காற்றுதான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

"மூஞ்சியக்கூடக் கழுவலீங்க. அப்படியே சேலம் பஸ் ஏறிட்டேன். ஆத்தூர் வர்ற வரைக்கும் மூஞ்சில பவுடருங்க."

"இப்ப எதுக்குங்க மறுபடியும்?"

"டீக்கடையில பாத்துட்டு வந்து கேட்டாங்க. ஒரு நாள் வேலை, ஒரே ஒரு வசனம்னாங்க. வேண்டாம்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். சரின்னு வந்துருச்சு. அறுவத்தாறு ஆச்சு. இதைய வுட்டா இனி எப்பங்க?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் வளைவில் வண்டியைச் சரியாகத் திருப்பவில்லை என்றுகூடத் திட்டவில்லை.

ஒரு பழைய எஸ்டேட் பங்களா முற்றத்தில் ஷூட்டிங். மேட்ரன் ஒரு ஏழைத் தாய். எஸ்டேட் முதலாளி, அந்தத் தாயின் மகள் மீது திருட்டுப் பட்டம் கட்டி போலீஸில் பிடித்துக் கொடுக்கப் போகிறான். அவன் முன்னால் கைகூப்பி, நடுங்கி, "ஐயா, எம் பொண்ண ஒண்ணும் பண்ணிடாதீங்க, உங்க கால்ல விழறேன்" என்று கெஞ்ச வேண்டும். முதலாளியாக நடித்தவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஆறடி உயரம், கிடா மீசை, பல வருஷமாக சீரியல்களில் குடும்பங்களைக் கெடுத்துக்கொண்டிருப்பவர்.

டேக் சொன்னார்கள். மேட்ரன் முன்னால் வந்தார். நிமிர்ந்து நின்றார்.

"ஐயா! எம் பொண்ண ஒண்ணும் பண்ணிடாதீங்க!"

முற்றத்தில் இருந்த மைனாக்கள் எல்லாம் பறந்தன. ஆறடி முதலாளி ஓரடி பின்னால் போய், "சரிங்கம்மா" என்றார்.

"கட்! சார், நீங்க சரிங்கம்மான்னு சொல்லக் கூடாது, சிரிக்கணும்" என்றார் டைரக்டர். கண்ணாடி போட்ட சின்னப் பையன் மாதிரி இருந்தார்.

இரண்டாவது டேக்கில் முதலாளிக்கு வசனம் மறந்துவிட்டது. மூன்றாவதில் "உங்க கால்ல விழறேன்" என்று மேட்ரன் சொன்ன தொனியில், அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். நானும் பார்த்தேன், என் காலை.

"அம்மா, பயப்பட வேண்டியது நீங்க. அவர் இல்ல" என்றார் டைரக்டர்.

"சரிங்க" என்றார் மேட்ரன். அந்த 'ங்க'வில் டைரக்டர் வியர்த்தார்.

ஒன்பது டேக் ஆகிவிட்டது. மேகம் இறங்கத் தொடங்கியது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஓர் உதவி டைரக்டர் மெதுவாக, "சார், அந்த டீ குடுக்கற அக்காவ நிக்க வெச்சிரலாமா?" என்று கேட்டார். இரண்டு மாடிக்கு மேலே மிட்டாய்க் காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்டு ஏறிப்போகிற காது மேட்ரனுடையது. கேட்டுவிட்டார். ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நடந்து போனார்.

கழி ஒடிக்கத்தான் போகிறார் என்று பயந்து பின்னாலேயே ஓடினேன். அங்கே மிளகுக்கொடி சுற்றிய ஒரு சில்வர் ஓக் மரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காற்றே இல்லை, ஆனாலும் கொடியின் இலைகளெல்லாம் ஆடின.

"கிளார்க்கு, நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க. நொம்ப பயமா இருக்குது."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. மேட்ரனே பயந்தால் இந்த மலையில் மற்றவர்கள் எல்லாம் எங்கே போவது?

"காட்டெருமைய ஓட்டுனவரு நீங்க. இவுங்களுக்கா பயப்படறீங்க?"

"அன்னிக்கும் பயந்துதானுங்க நின்னேன். பயந்தாத்தான் எனக்கு இப்படிச் சத்தம் வருது." மரத்தை விடாமலே பேசினார். "நூத்திருவது புள்ளைங்க. ஒண்ணுக்குக் காச்சல்னாலும் எனக்கு வவுறு கலங்கும். அது மூஞ்சில தெரிஞ்சா அத்தனையும் அழுவுமில்லீங்க? அதான் அதட்டிக்கிட்டே இருந்தேன். இப்ப காட்டுன்னு சொல்றாங்க, வர மாட்டேங்குதுங்க. அதட்டல்தான் வருது."

எனக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. பிள்ளைகளை மலை உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தோம். திரும்பும்போது பனி மூடிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. தலைகளை எண்ணினால் ஒன்று குறைந்தது. மூன்றாம் வகுப்புப் பெண். மேட்ரன் மற்றப் பிள்ளைகளைக் கைகோத்து நிற்க வைத்து, "கிளார்க்கு, எண்ணிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பனிக்குள் போனார். நான் எண்ணினேன். பயத்தில் எனக்கு ஒரு தடவைக்கு ஒரு கணக்கு வந்தது. ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஷூவை நனைத்துக்கொண்டதற்காக விடுதி வரும்வரை அவளைத் திட்டினார். கல்நெஞ்சு என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

"அன்னிக்குப் பனிக்குள்ள போனீங்களே, அப்ப எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

மேட்ரன் மரத்திலிருந்து ஒரு கையை எடுத்தார்.

"பாதி வழில காலு வரலீங்க. அப்படியே வுழுந்துட்டேன். சேர்வராயா, அந்தப் புள்ளைய குடுத்துரு, என்னைய எடுத்துக்கன்னு தரையில கெடந்து கும்புட்டேன். யாரும் பாக்கலீங்க. அதனால முடிஞ்சுது."

"இன்னிக்கு நாங்க பாத்தாப் பரவால்லீங்க மேட்ரன். பாத்துட்டு அழுவறதுக்கு இங்க புள்ளைங்க இல்லீங்க."

அவருக்கு நான் சொன்ன முதல் புத்திமதி அது. சொல்லிவிட்டு, அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மேட்ரன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

பத்தாவது டேக். இந்தத் தடவை அவர் நிமிர்ந்து வரவில்லை. நாலடி நடந்தார், கால் மடங்கிற்று. எழுதிக்கொடுத்ததில் விழச் சொல்லவில்லை, ஆனால் விழுந்துவிட்டார். ஈரத் தரையில் கிடந்தபடி கையெடுத்தார். குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

"ஐயா... எம் பொண்ண... ஒண்ணும் பண்ணிடாதீங்க..."

அவ்வளவுதான். மிச்சம் வரவில்லை, தேவையும் இல்லை. இலைகளிலிருந்து பனி சொட்டும் சத்தம் கேட்டது. சிரிக்க வேண்டிய முதலாளி சிரிக்கவில்லை, உதடு துடிக்க நின்றார். டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். எனக்கு அந்த மலை உச்சியில் நின்ற அதே குளிர் முதுகில் ஏறியது. என்ன செய்கிறேன் என்று பார்த்தால், உதட்டுக்குள் ஒன்று, இரண்டு என்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நடுவில் அல்லாஹ்வை வேண்டி துஆவும் ஓதியிருக்கிறேன்.

"ஓக்கே" என்று ஒருவழியாகச் சொன்னார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். மேட்ரன் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஈரத்தில் கிடந்த வயருக்குப் பக்கத்தில் லைட்காரர் வெறுங்காலோடு நிற்பது அவர் கண்ணில் பட்டது.

"ஏனுங்க, செருப்பு எங்கீங்க?"

லைட்காரர் ஓடிப்போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, காட்டிவிட்டு நின்றார். எனக்கும் மூச்சு வந்தது.

அந்தக் காட்சி டி.வி.யில் ஒரு மத்தியானம் வந்தது. கண்ணிமைத்தால் தவறிவிடும் அளவுதான். ஆனால் அதற்குப் பிறகு மேட்ரனுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா, ஆஸ்பத்திரி வாசலில் அழும் அம்மா, கெட்ட செய்தி கேட்டுத் தூணைப் பிடிக்கும் அம்மா. எல்லாம் ஒரு நாள், அரை நாள் வேலை. பயப்படத் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் ஏற்காட்டுக்குப் போன் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் எனக்குப் போன் போடுகிறார்.

"கிளார்க்கு, இந்தத் தடவை வேண்டாங்க. என்னால ஆகாது. முடியாதுன்னு சொல்லிப்போடலாங்களா?"

"சொல்லிரலாங்க மேட்ரன்."

"அப்ப வியாழக்கெழமை ஆறு மணிக்குக் காரை எடுத்துட்டு வந்துருங்க."

போன மாதம் சேலத்தில் ஷூட்டிங். கேட்டில் நின்ற செக்யூரிட்டி ஒரு நோட்டை நீட்டினார். நடிக்க வந்தவர் பெயர், கூட வந்தவர் பெயர், என்ன உறவு என்று மூன்று கட்டம். "சார், நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று என்னைக் கேட்டார். கிளார்க்கு என்று சொல்வதா, டிரைவர் என்று சொல்வதா தெரியாமல் நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்ரன் நோட்டைப் பிடுங்கி மூன்று கட்டத்தையும் நிரப்பி செக்யூரிட்டியின் கையில் திணித்துவிட்டு, விடுவிடுவென்று உள்ளே போய்விட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில், அவருடைய குண்டு குண்டான எழுத்தில், 'தம்பி' என்று இருந்தது.

உள்ளேயிருந்து அதட்டல் வரும்வரை நான் அந்த கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன்.