புள்ளி வைத்துத் தேடியவன்

வீடியோ பார்த்துத் தொழில் கற்றவனுக்குப் பேச்சு எப்போதும் படிப்பைவிட ஒரு பாடம் முன்னால் ஓடும். எனக்கு இரண்டு பாடம்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு வார்ப்புக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். பாகங்களில் அடித்த பேட்ச் நம்பர் தேய்ந்துவிட்டால், தெரிகிற எழுத்தைப் போட்டு, தெரியாத இடத்தில் புள்ளி வைத்துத் தேடுவோம். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். கம்ப்யூட்டர் பதிவேட்டின் லட்சக்கணக்கான வரிகளையும் ஒன்றுவிடாமல் படிக்கும். அதற்குள் நாஷ்டா முடித்துவிட்டு வரலாம்.

நான் ஒரு இன்டெக்ஸ் போட்டேன். நம்பர்களை மூன்று மூன்று எழுத்தாக நறுக்கி, எந்தத் துண்டு எந்த வரியில் இருக்கிறதென்று அது முன்கூட்டியே குறித்துவைக்கும். தேடும்போது அந்த வரிகளை மட்டும் பார்த்தால் போதும். (நான் கண்டுபிடித்ததல்ல. கேன்டீனில் மட்டும் என் கண்டுபிடிப்பு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தேன்.)

ஒருநாள், வாங்கிய கம்பெனி விரிசல் விட்ட பாகம் ஒன்றைத் திருப்பி அனுப்பியது. அதே பேட்ச் வாசலில் நிற்கும் லாரியிலும் இருக்கலாம். பேட்ச் எதுவென்று தெரியாவிட்டால் முழு லோடையும் இறக்க வேண்டும்.

"இன்டெக்ஸ் இன்டெக்ஸ்னு சொல்லிக்கினு இருந்தியே, தேடுப்பா" என்றார் மேனேஜர்.

"நீங்க டீயை வாய்ல வைக்கறதுக்குள்ள சார்."

பாகத்தில் எழுத்து ஒன்றுவிட்டு ஒன்றுதான் தெரிந்தது. ஏழு, புள்ளி, கே, புள்ளி, நான்கு என்று அடித்தேன். மேனேஜர் டீயை வாயில் வைத்தார். குடித்தார். டம்ளரைக் கழுவியும் வைத்தார்.

லாரி டிரைவர் வந்தார். "இன்னா நைனா, இன்னும் தேடிக்கினே கீது? நான் தடா பார்டர் தாண்டணும்."

கேட்டில் வருகைக்கு விரல் வைக்கும் மெஷினும் அதே கம்ப்யூட்டரை நம்பித்தான் இருந்தது; அதுவும் நின்றுபோனது. ஷிப்ட் முடிந்த ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"இன்னாபா பேஜாரு. ஊட்டுக்குப் போவ வுடமாட்டியா?"

அப்போதுதான் உறைத்தது. சேர்ந்தாற்போல மூன்று எழுத்து இல்லாவிட்டால் என் இன்டெக்ஸுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. அது பழையபடி எல்லா வரியையும் படித்துக்கொண்டிருந்தது.

"நெட்வொர்க் சரியில்ல" என்றேன்.

குவாலிட்டியில் வேலை பார்த்த செல்வி பாகத்தின்மேல் சாக்பீஸைத் தேய்த்து, உள்ளங்கையால் துடைத்தாள். "ஏழுக்கு அடுத்தாப்புல ஒரு பி கீது பாருங்க."

ஓடிக்கொண்டிருந்த தேடலை நிறுத்திவிட்டு ஏழு, பி, கே என்று சேர்த்து அடித்தேன். விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது. லாரியில் அந்த பேட்ச் இரண்டே பெட்டி. இறக்கினார்கள். லாரி போனது. ஆட்களும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

செல்வி இப்போது என் மனைவி. வண்டிச் சாவியைக் காணோமென்று "அது... இங்க... நேத்து..." என்று இழுத்தால் போதும்.

"புள்ளி வெச்சிப் பேசாதீங்க. சேர்ந்தாப்புல மூணு வார்த்தை சொல்லுங்க, தேடித் தரேன்."

கடம்பத்தூரில் மாமனாருக்கும் இந்தக் கதை தெரியும். நான் சாப்பாட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் மெதுவாகக் கேட்பார்: "இன்னா மாப்ளே, நெட்வொர்க் சரியில்லையா?"