ஆசைக்கு நாற்காலி போட்டேன்

அன்பு மாப்பிள்ளை பால்ச்சாமிக்கு,

ராஜபாளையத்திலிருந்து அத்தான் தங்கப்பாண்டியன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் நாயும் சுகம். வன்னியம்பட்டியில் உங்கள் வீட்டாரும், "இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தப் பொகையில இருக்கணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிட்ட உங்கள் அக்கா வெள்ளத்தாயும், கோபம் தணிந்து சுகமாயிருக்க ஆண்டாள் அருள்வாளாக. நான் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளை, புகையிலையை விட்டுவிட்டேன்! ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மனவிழிப்புப் பயிற்சி என்று ஒன்று நடக்கிறது, அங்கே வின்சி என்ற பெண் எங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "ஐயா, ஆச வந்தா வெரட்டாதீங்க, வீட்டுக்கு வந்த விருந்தாளின்னு நெனச்சு நல்லாக் கவனிங்க, செத்த நேரத்துல தானாப் போயிரும்" என்றாள். விருந்தாளியைக் கவனிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? உங்கள் கல்யாணத்தில் பெண் வீட்டார் நம்மைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கிளம்பிய சண்டையே இன்னும் ஓயவில்லையே! வரும் வழியிலேயே ஒரு கிலோ பால்கோவா வாங்கிவிட்டேன். காலையில் காபி குடித்ததும் புகையிலை ஆசை வந்தது, நாற்காலி போட்டேன், "வாங்க, உக்காருங்க" என்றேன், தட்டு நிறையப் பால்கோவா வைத்தேன், அதற்கு வாய் இல்லாததால் நானே சாப்பிட்டேன், போயே போய்விட்டது! மத்தியானமும் வந்தது, சாயங்காலமும் வந்தது, கொஞ்சமும் கூச்சமில்லாத விருந்தாளி, நானும் ஒரு குறையும் வைக்கவில்லை. காலி நாற்காலியோடு நான் பேசுவதைப் பார்த்த பக்கத்து வீட்டு வில்சன், "யாரு அண்ணாச்சி வந்திருக்கா?" என்றான். "ஆசை வந்திருக்கு, கவனிச்சு அனுப்பணும்" என்றேன். அவன் தெருவெல்லாம் போய், "மதினி ஊர்ல இல்லாத நேரமாப் பாத்து ஆசைன்னு ஒருத்தி வாரா" என்று பரப்பிவிட்டான். அந்தப் பேச்சு எட்டும் முன் இந்தக் கடிதம் எட்ட வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. சாம்பாரில் உப்புக் கூடினால் ஏசக்கூட ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏற்றிவிடுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசி, தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
புகையிலையை வென்ற அத்தான்,
ரிட்டையர்டு ஏட்டு தங்கப்பாண்டியன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது சுகர் ரிசல்ட் வந்தது. பால்கோவாவைத் தொடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். சொன்ன மாத்திரத்தில் பால்கோவா ஆசை வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. வந்ததைக் கவனிக்காமல் அனுப்ப முடியுமா? வீடெல்லாம் தேடியும் கொடுப்பதற்கு வேறொன்றும் அகப்படவில்லை, அலமாரிக்குப் பின்னால் பழைய புகையிலைதான் கிடந்தது. நன்றாகவே கவனித்துவிட்டேன். அக்காவை இந்த ஞாயிறு பஸ் ஏற்ற வேண்டாம்.