குடைக்குப் பிடித்த குடை

குடை முதலாளி நாற்காலி மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் கம்பி தீர்ந்துபோனது.

"வெளிநாட்டுக் குடைக்கு வரி போட்டாச்சு!" என்று அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். "இனிமே கடைக்காரன் நம்மகிட்டதான் வந்தாகணும். மழைக்கு முன்னாடி கம்பெனியை மூடிடுவோம்னு பயந்துகிட்டு இருந்தீங்களே, அந்தப் பேச்சே இனி கிடையாது. இங்க இருக்கிற ஒருத்தரைக்கூட வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இது சத்தியம்!"

தையல் மெஷின்களுக்குப் பின்னாலிருந்து கைதட்டல் பொங்கியது. வரி வேண்டும் என்று முதலாளியோடு ஊர்வலம் போய்த் தொண்டை கட்டியவர்கள் அவர்கள். அந்தச் சத்தம் ஓய்வதற்குள் மேஸ்திரி வந்து நாற்காலிக் காலைத் தட்டினார்.

"முதலாளி, கம்பி இல்லை."

"இல்லைன்னா வாங்குய்யா!"

"கம்பிக்கும் வரி போட்டுட்டாங்களாம். குடைக்குப் போட்டதைவிட மூணு மடங்கு."

முதலாளி மெதுவாகக் கீழே இறங்கினார். துணியும் தையலும் அவருடையவை; குடைக்குள் விலா எலும்பு மாதிரி விரிகிற கம்பிக்கூடு மட்டும் கப்பலில் வருவது. எங்கோ கம்பி செய்கிற ஒருவர், இவர்களைவிட நீளமான ஊர்வலம் போயிருந்தார்.

"அதனாலென்ன? அவரும் நம்ம நாட்டு ஆள்தானே. அவர்கிட்டயே வாங்கு!"

வாங்கினார்கள். உள்நாட்டுக் கம்பி போட்ட முதல் குடை விரிந்தது, மூடவில்லை. இரண்டாவது மூடியே கிடந்தது, விரியவில்லை. மூன்றாவது, விரிந்த வேகத்தில் மேல்நோக்கி மடங்கிக் கிண்ணம் மாதிரி நின்றது.

"மழைத்தண்ணி பிடிச்சு வைக்கலாம்" என்றார் மேஸ்திரி.

"சிரிக்காதய்யா, வயித்தெரிச்சலைக் கிளப்பாதே!"

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. வரி வந்த வாரமே யாரோ ஒரு மொத்த வியாபாரி, தரகர் ஒருவர் மூலமாக, கிடங்கில் தூசி படிந்து கிடந்த பழைய குடைகளையெல்லாம் பின்வாசல் வழியாக அள்ளிக்கொண்டு போயிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: குடையில் கம்பெனிப் பெயர் இருக்கக் கூடாது. பெயரா பெரிது? இன்னும் வேண்டும், எவ்வளவு இருந்தாலும் வேண்டும் என்று தரகர் தினமும் போன் போட்டார். அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. பிடிக்கக் குடை இல்லை.

வீட்டில் இடியும் மின்னலும் தனி. முதலாளி மனைவியின் தம்பி, வெளிநாட்டுக் குடைகளை இறக்கி விற்கிறவன்.

"என் தம்பி வயித்துல அடிக்க ஊர்வலம் போனீங்களே, இப்ப குளிர்ந்துதா?"

"நான் நாட்டுக்காகப் போனேன்டி."

"அப்ப நாடே வந்து சோறு போடட்டும்" என்று அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தப் பசியோடு ஆபீசுக்கு வந்தபோதுதான் கணக்கர் யோசனை சொன்னார்.

"சார், கம்பிக்கு வரி மூணு மடங்கு. முழுக் குடைக்கு ஒரு மடங்குதான். பேசாம முழுக் குடையாவே வாங்கிடுவோம். துணியைப் பிரிச்சுத் தூக்கிப் போட்டுட்டு, அந்தக் கம்பியில நம்ம துணியைத் தைச்சுடுவோம்!"

முதலாளி எழுந்து ஓடி அவரைக் கட்டிக்கொண்டார். "எதிரியோட எலும்பு, நம்ம தோல்! ஐயா, நீ இருக்க வேண்டிய இடமே வேற!"

முழுக் குடை யாரிடம் இருக்கிறது? வேறு யார், மைத்துனன்தான். கையோடு போன் போட்டார்.

"மாப்ளே, உன்கிட்ட இருக்கிற வெளிநாட்டுக் குடை அத்தனையும் எனக்கு வேணும்."

"அத்தான்... நிஜமாத்தான் கேக்கறீங்களா? உங்களுக்கு எதுக்குக் குடை?"

"உன் பொழைப்பு கெட்டுடக் கூடாதுன்னுதான்டா."

"இல்ல, வரி ஏறினதுல விலை கொஞ்சம் கூடுதலா இருக்கும்..."

"இருந்துட்டுப் போகட்டும்!"

அன்றே வீட்டில் தட்டு நிமிர்ந்தது.

மறுநாள் முன்வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பளபளவென்று சிவப்பு ரிப்பன் கட்டிய வெளிநாட்டுக் குடைகள். வேன்காரர் முதல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கட்டடத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், இங்கதான் இறக்கணுமா? நல்லா விசாரிச்சுட்டீங்களா?"

"இறக்குய்யா, சும்மா கேள்வி கேட்டுக்கிட்டு!"

கம்பிகள் அளவெடுத்துச் செய்த மாதிரி அச்சாகப் பொருந்தின. பிரிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"எந்த மகராசி தைச்சாளோ, நம்ம தையலைவிடக் கெட்டியா இருக்கு" என்று தையல்கார அம்மா விரலை ஊதிக்கொண்டார். "ஒரு குடை பிரிக்கிற நேரத்துல ரெண்டு தைச்சுடுவேன். எங்களால ரெண்டு வேலையும் ஆகாது முதலாளி."

"அவ்வளவுதானே? ஆள் எடு!"

ஆள் எடுத்தார்கள். பிரிக்கிறவர்களுக்கென்று தனிக் கூடம், தனி மேற்பார்வை, தனி டீ நேரம். அந்தக் கூடத்தில் பாதிப் பேர் பிரித்தார்கள். இந்தக் கூடத்தில் பாதிப் பேர் தைத்தார்கள். நடுவில் நின்று முதலாளி மார்தட்டினார்.

"வரி வந்தா வேலை பெருகும்னு சொன்னேனா இல்லையா? ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னேனா இல்லையா?"

ஆள் கூடியதில் செலவு கூடியது. குடை விலையை ஏற்றினார். தரகர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் மைத்துனன் தன் விலையை ஏற்றினான்.

"நான் என்ன பண்ண அத்தான், வாங்குற இடத்துலயே ஏத்திட்டாங்க."

"தெரியும்டா, வெளிநாட்டுக்காரன் புத்தி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இவரும் ஏற்றினார். தரகர் வாங்கினார். மைத்துனன் மறுபடி ஏற்றினான். ஏணியில் ஒருவன் காலை ஒருவன் பிடித்துக்கொண்டு ஏறுகிற மாதிரி இரண்டு விலையும் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஒரு மதியம், வானம் பொத்துக்கொண்டது.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் தன் குடை விரிந்து நிற்கிற காட்சியைப் பார்க்க வேண்டாமா? செருப்பைக்கூட மறந்துவிட்டுக் கடைத்தெருவுக்கு ஓடினார்.

ஒரு குடை இல்லை. இரண்டு பெண்கள் ஒரு மேஜை விரிப்புக்குள் ஓடினார்கள். ஒரு வக்கீல் தன் கட்சிக்காரரின் கேஸ் கட்டைத் தலையில் வைத்திருந்தார். பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்த ஒருவரை முதலாளி வழிமறித்தார்.

"என்ன சார் கோலம் இது? ஒரு குடை வாங்கிக்கறதுதானே?"

"விலை கேட்டுப் பாத்தீங்களா?" என்று தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அந்த விலைக்கு நனைஞ்சுட்டே போகலாம். சளி மாத்திரை மலிவு."

முதலாளி நடுத்தெருவில் நனைந்தபடி நின்றார். தினம் வேன் வேனாகப் போகிறதே, ஒரு குடையாவது கண்ணில் பட வேண்டாமா? அத்தனையும் எங்கே போய்ச் சேர்கிறது?

சட்டென்று வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

அவர் ஓடி வந்த வேகத்தில் கூடத்துத் தரையெல்லாம் சேறு. மறுபடி அதே நாற்காலி.

"கேளுங்க எல்லாரும்! நம்ம குடை இந்த ஊர்ல ஒண்ணுகூட இல்ல. ஏன்? அத்தனையும் கப்பல் ஏறிடுச்சு! ஏற்றுமதி! எவன் குடை நம்மளை மூட வெக்கப் பாத்துச்சோ, அவன் ஊர்லயே நம்ம குடை விக்குது! அதான் பேர் போட வேணாம்னு சொல்லியிருக்கான், வெக்கப்பட்டுக்கிட்டு! இன்னும் ஆள் எடுக்கிறோம், இன்னொரு கூடம் கட்டறோம்!"

கைதட்டலில் தகரக் கூரையின் மழைச்சத்தம் அமுங்கிப் போனது.

"எந்த நாடு முதலாளி?" என்று தையல்கார அம்மா ஆவலாகக் கேட்டார்.

அது முதலாளிக்கும் தெரியாது. மேஸ்திரிதான் கை காட்டினார். "இப்ப பின்வாசல்ல சரக்கு ஏத்திக்கிட்டு இருக்காங்க. கொண்டுபோற ஆளையே கேட்டா போச்சு."

முதலாளி நாற்காலியிலிருந்து குதித்தார். அவர் பின்னால் மேஸ்திரி, கணக்கர், தைக்கிறவர்கள், பிரிக்கிறவர்கள் எல்லாரும் பின்வாசலுக்கு ஓடினார்கள். அங்கே கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், முன்வாசலுக்கு வருகிற அதே வேன்காரர்.

"அட, நீதானா இதுக்கும்? வாழ்க!" என்று முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொல்லுய்யா, எல்லாரும் கேக்கட்டும். எந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுபோறே?"

"துறைமுகத்துக்குப் போக எனக்கு நேரம் ஏது சார்?" என்றார் வேன்காரர். "இங்க பின்வாசல்ல ஏத்திக்கிட்டு, உங்க மச்சான் கடையில சிவப்பு ரிப்பன் கட்டுற வரைக்கும் நின்னுட்டு, திரும்ப உங்க முன்வாசல்ல கொண்டாந்து இறக்கறதுக்கே பொழுது சரியாப் போகுது."