விரல் படாத எண்டர்

கீபோர்டைத் தொடாமலே கீயை அழுத்துகிற ஓர் இனம் இப்போது பெருகி வருகிறது. வெப்சைட் எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இவர்களில் ஒருவராவது இருப்பார். இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது: என் தம்பி. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

எண்டரை அழுத்தினால் ஒரு வேலை நடக்க வேண்டும். நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நீங்களும் நானும் அழுத்திப் பார்ப்போம். இவர் மாட்டார். 'எண்டர் அழுத்தப்பட்டது' என்று வெப்சைட் பக்கத்திடம் பொய் சொல்ல ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி புரோகிராம் எழுதி, அந்தப் பொய்யைப் பக்கம் நம்பியதும் திரையில் பச்சை டிக்குகள் வரிசையாக விழ, நாற்காலியில் சாய்ந்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு, உலகத்து விரல்கள் எல்லாம் தன் சொல்படி கேட்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். நிஜ எண்டர் ஒரு சாண் தூரத்தில் சும்மா கிடக்கும்.

கையால் ஒரு தடவை அழுத்திப் பாரேன் என்றால் சிரிப்பு.

"ஆயிரம் தடவை அழுத்தியாச்சுக்கா. உன் விரலா இருந்தா தேஞ்சே போயிருக்கும்."

அவர் எழுதி வைத்திருக்கும் விரல் எப்படிப்பட்டது தெரியுமா? அது வியர்க்காது, தயங்காது. தொட்ட நொடியே எழுந்துவிடும். அப்படி ஒரு விரலோடு பிறந்த மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்குக்குத் தம்பி ஒரு பக்கம் எழுதினான். பெயரை அடித்து எண்டரை அழுத்தினால், அன்றைக்கு அடுத்துக் காலியாக இருக்கும் நேரம் அந்தப் பெயருக்குப் பதிவாகும். டாக்டருக்குப் பிடித்தால் அவன் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்க்கலாம் என்று அவன் கம்பெனி முதலாளி சொல்லியிருந்தார். எனக்குக் கடைவாய்ப்பல் வலி, அதனால் நானும் கூடப் போனேன்.

முதலாளி பார்த்திருக்க, டாக்டர் என் பெயரையே அடித்தார். எண்டரை அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்காமல், என்ன வருகிறது என்று திரையைப் பார்த்தார். எல்லோரும் அப்படித்தானே பார்க்கிறோம்? விரலை எடுக்காதவரை கீ தன்பாட்டுக்கு மறுபடி மறுபடி அழுந்திக்கொண்டே இருக்கும். காலை நேரம் முழுவதும் என் பெயரில் நிறைந்தது. பிறகு மதியம். பிறகு சாயங்காலம்.

கன்னம் வீங்கிக் காத்திருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, நர்ஸ் மெதுவாகக் கேட்டார்: "இவங்களுக்கு மொத்தம் எத்தனை பல்லு டாக்டர்?"

தம்பி அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "நீங்க அழுத்தற விதம் சரியில்ல சார். தொட்டதும் எடுத்துடணும்" என்றான்.

முதலாளி கூரையைப் பார்த்தார். டாக்டர் கோபப்படவில்லை; அதுதான் பயமாக இருந்தது.

"இங்க வர்றவங்க வலியோட வர்றாங்க, தம்பி. எப்படி அழுத்தணும்னு அவங்களுக்கு யார் சொல்லித் தருவா? நீங்க வாசல்ல உட்காருவீங்களா?"

மறுநாள் காலை வரை அவகாசம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரே வரியில் சரிசெய்துவிட்டான்: விரலை எடுக்கும்வரை ஒரு அழுத்தல்தான் கணக்கு. கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. சரி, இப்போதாவது கையால் அழுத்திப் பார்த்தானா? இல்லை. விரலை எடுக்காத மனிதர் ஒருவரையும் ஸ்கிரிப்டில் எழுதிச் சேர்த்தான். டிக் பச்சையாக விழுந்தது; மறுநாள் வேலையும் தப்பியது. தப்பியதால் அவன் திருந்த எந்தக் காரணமும் இல்லாமல் போயிற்று.

எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாது, நான் இந்த இனமில்லை என்று ஒதுங்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்து, குளிக்கும்போதே கேள்வியையும் கேட்டு, அவர்கள் சொல்லப்போகும் பதிலையும் நீங்களே சொல்லி, அந்தப் பதிலுக்குக் கோபமும் பட்டு, வெளியே வந்து யாரோடும் பேசாமல் சாப்பிட்டு எழுந்ததில்லையா? பாவம், அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவே இல்லை.

"சேச்சே, நான் அப்படியில்லை" என்கிறீர்கள். நீங்கள் இதைத்தான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்; உங்களைக் கேட்டா எழுதினேன்?