என் கப்பலை நானே கவிழ்த்த கதை

பயம் வந்தால் சிலருக்குப் பேச்சு நின்றுவிடும். எனக்கு நிற்காது. அதுதான் ஆபத்து.

சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு கோடை விடுமுறையில், சர்வதேசக் கடல் சட்டம் பற்றிய பத்து நாள் தீவிரப் பயிற்சியில் சேர்ந்தேன். நடந்தது எங்கள் காஞ்சிபுரத்தில். (கடலே இல்லாத ஊரில் எதற்கு என்று அம்மா மட்டும் கேட்டார்.)

பாடம் எடுத்தவர் கப்பல் கேப்டனாக இருந்து வக்கீலானவர். முதல் நாளே, "கடைசி நாள்ல ஒரு மாதிரி நீதிமன்றம் நடக்கும். நான்தான் ஜட்ஜ். தேறலைன்னா சர்டிஃபிகேட் கிடையாது" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழக்கு இதுதான்: எண்ணெய் கசியும் கப்பல் ஒன்று, புயலுக்கு அஞ்சித் துறைமுகத்துக்குள் வரக் கேட்கிறது. அரசு மறுக்கிறது. நானும் வாலாஜாபாத் யாஸ்மினும் கப்பல் தரப்பு. எதிர்த்தரப்பு என்ன கேட்குமோ என்ற நடுக்கத்தில், அவர்கள் வாதத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்தேன். (புத்திசாலித்தனம் என்று நினைப்பு.)

கடைசி நாள் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். பட்டுக்கடையில் லீவு போட்டு வந்த அப்பா முதல் வரிசையில். என் பயம் இரட்டிப்பானது.

எழுந்தேன். வாயைத் திறந்தால், எதிர்த்தரப்பு வாதம் வருகிறது! "இந்தக் கப்பலை விட்டால் கடற்கரையே நாசம், மீனவர்கள் பட்டினி" என்று ஆங்கிலத்தில் முழங்கினேன்.

யாஸ்மின் என் துப்பட்டாவை இழுத்தாள். "ஏய், இன்னாடி பேசிக்கினு இருக்க? அது அவங்க பாயிண்ட்டுடி!"

காதில் ஏறவில்லை. இன்னும் சத்தமாகப் பேசினேன். ஆங்கிலம் புரியாத அப்பா பெருமையாகக் கைதட்டினார்.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழுக்கு மாறினார். "வக்கீலம்மா, நீங்க எந்தப் பக்கம்?"

கைகட்டி நின்றேன். "நீங்க எது சொன்னாலும் சரிங்க சார்."

எதிர்த்தரப்புப் பையன் எழுந்து, "நாங்க சொல்ல வந்ததை மேடமே சொல்லிட்டாங்க" என்று உட்கார்ந்துவிட்டான். பிறகு யாஸ்மின் எழுந்தாள். என் வாதங்களை ஒவ்வொன்றாக உடைத்து, கப்பலைக் கரைசேர்த்து, சிறந்த பேச்சாளர் பரிசும் வாங்கினாள். நான் தேறவில்லை.

வெளியே அப்பா பதறினார். "நல்லாத்தானம்மா பேசின, இன்னாத்துக்கு அழுவுற?"

எதிர்த்தரப்புக்காகப் பேசிவிட்டதைச் சொன்னேன். பேருந்து நிலையம்வரை அடக்கிப் பார்த்தவர், அங்கே தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இன்று நான் உண்மையாகவே வக்கீல். வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தால், அம்மாவுக்காகப் பேசப் போவேன். அம்மா உடனே கையெடுத்துக் கும்பிடுவார்.

"எம்மா, நீ உங்க அப்பாவுக்கே பேசு. அப்பதான் நான் ஜெயிப்பேன்."