சியெனாவுக்கு நீர் வர வேண்டாம், மச்சான்

ஹனோவர்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்பின் மச்சான் சிறீதரனுக்கு,

டார்ம்ஸ்டாட்டில் நீரும் கிருசாந்தியும் சுகத்தோடும், பிள்ளைகள் படிப்போடும் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் உமது அத்தான் விமலநாதன் எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் உமது அக்கா சிவகௌரிக்கும் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர். போனில் சொன்னால் நீர் ஸ்பீக்கரில் போடுவீர். வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குழுவுக்கு அனுப்புவீர். கடிதத்தை நீர் ஒருவராக இருந்து வாசிக்கலாம்.

விஷயம் இதுதான். நீர் வாடகைக்கு வான் பார்க்க வேண்டாம். நானும் அக்காவும் போகிற இத்தாலிப் பயணத்துக்கு நீங்கள் ஒருவரும் வர முடியாது. கோபிக்காமல் முழுவதையும் வாசியும்.

கல்யாணம் கட்டிய இந்த முப்பது வருடத்தில் நாங்கள் பார்க்காத ஊர் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பாரிசுக்குக் கல்யாணவீடு, லண்டனுக்குச் செத்தவீடு, சூரிச்சுக்குச் சாமத்தியவீடு, வருடா வருடம் ஹம் அம்மன் கோயிலுக்குத் தேர். போன மாதம் லண்டன் ஆட்கள் ஒரு கிழமை எங்கள் வீட்டில் நின்றுவிட்டுப் போன அன்று, உமது அக்கா கட்டில் விரிப்புகளை மெஷினுக்குள் போட்டபடி சொன்னா: “ஒரு சொந்தக்காரரும் இல்லாத இடத்திலை மூண்டு நாள் சும்மா இருக்க வேணும்போலை கிடக்கு.” அழுதும் சொல்லவில்லை, கோபித்தும் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு நெஞ்சில் தைத்தது. தனக்கென்று அவ என்னிடம் எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கே முடிவெடுத்தேன்: பழைய கட்டடங்கள் நிறைந்த இத்தாலி நகரம் ஒன்று, நல்ல ஹோட்டல், நாங்கள் இருவர் மட்டும். கடைசிவரை அவவுக்குச் சொல்வதில்லை. தொழிற்சாலையில் ஓய்வுபெறும்வரை அத்தனை பேருக்கும் ஷிப்ட் அட்டவணை போட்டவன் நான். இரண்டு பேரை இத்தாலிக்குக் கொண்டுபோவது எனக்கு ஒரு வேலையா?

முதலில், சொந்தக்காரர் இல்லாத ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்துக் கேட்பதுதான். பொலோனியா என்று வாய் திறந்தேன், உங்கள் பெரியம்மாவின் மகள் அங்கே இருக்கிறாவாம். ஜெனோவாவில் என் ஒன்றுவிட்ட தம்பி. பலெர்மோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அங்கே கோயிலே இருக்கிறது. கடைசியில் சியெனா என்ற ஊருக்கு ஒருவரும் கை உயர்த்தவில்லை. மலைமேல் கோட்டை மதில், சிப்பிபோலச் சரிந்த பெரிய முற்றம், கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட தேவாலயம், வானத்தைத் தொடுகிற கோபுரம். படத்தைப் பார்த்ததுமே டிக்கெட் எடுத்துவிட்டேன். எல்லாருக்கும் போன் எடுத்ததால் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது என்பது உண்மைதான். தெரியாதது உமது அக்காவுக்கு மட்டும்.

அந்தக் கோபுரத்துக்கு லிப்ட் இல்லையாம். ஆகவே அக்கா வேலைக்குப் போன பிறகு எங்கள் மாடிப்படிகளில் தினமும் ஏறி இறங்கிப் பழகினேன். மூன்றாம் நாள் நாலாம் மாடி மனுசி கதவைத் திறந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என் கையில் ஒரு பார்சலைத் தந்து, “நல்ல காலம், நீங்களே வந்துவிட்டீர்கள், இதைத் திருப்பி அனுப்ப வேண்டும்” என்றா. பயிற்சிக்கு ஏறுகிறேன் என்று ஜெர்மன் மொழியில் விளக்கப் போனால் இன்னும் குழம்பும் என்பதால் வாங்கிக்கொண்டுபோய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்த மாடிக்காரர் எல்லாரும் பார்சலோடு எனக்காகக் காத்திருக்கிறார்கள். பரவாயில்லை, பாரத்தோடு ஏறிப் பழகுவது இன்னும் நல்லது.

பிறகு மொழி. போனில் பாடம் கேட்டு இரண்டு கிழமையில் இத்தாலிய மொழியைப் பிடித்துவிட்டேன். அதைச் சரிபார்க்க எங்கள் தெருமுனை இத்தாலி உணவகத்துக்குப் போனேன். வாசலில் நின்று, இரண்டு பேருக்கு ஜன்னலோரமாக மேசை வேண்டும் என்று சுத்தமான இத்தாலிய மொழியில் சொன்னேன். பரிமாறுகிற பெடியன் முழித்தான். இன்னும் சத்தமாகச் சொன்னேன். குசினிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது:

“அண்ணை, ஊரிலை எவடம்?”

மாவுக் கையோடு வெளியே வந்தவர் பெயர் இராசலிங்கம். அங்கே பிரதான சமையல்காரர் அவர்தான். “இஞ்சை இத்தாலிக்காரர் ஒருத்தரும் இல்லை அண்ணை. முதலாளி அல்பேனியா. நீங்கள் தமிழிலையே சொல்லுங்கோ” என்றார். சாப்பாடு அருமை, அது வேறு. வந்த காரணத்தைக் கேட்டார். சியெனா என்றேன்.

“சியெனாவே! என்ர மனிசியின்ர தம்பி அங்கைதான் ஹோட்டலிலை வேலை!”

தடுப்பதற்குள் வீடியோவில் எடுத்துவிட்டார். அந்தத் தம்பி நிதுசன், வெள்ளைத் தொப்பியோடு சிரித்தான். எந்த ஹோட்டல் என்று கேட்டான். சொன்னேன். “அண்ணை, அது எங்கட ஹோட்டல்தான்! காலமைச் சாப்பாடு நான்தான் செய்யிறது. பாணும் சீஸும் உங்களுக்கு வேண்டாம், இடியப்பமும் சம்பலும் தாறன். பின்னேரம் வீட்டை வாங்கோ, ஆக்களைக் கூப்பிட்டு வைக்கிறன்.” பேசப் பேச, அவனுடைய தாயார் உங்கள் அப்பாவின் பக்கத்து உறவு என்றும் வந்து முடிந்தது. சொந்தக்காரர் இல்லாத ஊரில் சொந்தக்காரர், அதுவும் எங்கள் ஹோட்டலின் குசினிக்குள்!

வேறு ஆளென்றால் அதோடு கைவிட்டிருப்பான். நான் ஹோட்டலை மாற்றினேன். பயணம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போய்விட்டது என்று இராசலிங்கத்திடம் சொன்னேன். பாவம், அவர் எனக்கு ஆறுதலாகத் திராமிசு இனிப்புக் கட்டித் தந்துவிட்டார். கார்ஹிங் பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் மகள் கம்சனா மட்டும் போனில், “அப்பா, இவ்வளவு பேரிட்டைக் கேட்டனீங்கள். அம்மாட்டை ஒருக்கால் கேட்டனீங்களே?” என்றாள். இன்ப அதிர்ச்சி என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை.

இந்த நேரத்தில்தான் நீர் போன் எடுத்து, “அத்தான், நாங்களும் வாறம். வான் ஒண்டு எடுப்பம், குக்கரையும் ஏத்துவம்” என்றீர். மச்சான், உம்மில் எனக்குள்ள பாசம் உமக்குத் தெரியும். ஆனால் நீரும் சொந்தக்காரர்தான். நீர் வந்தால் உமது அக்கா அங்கேயும் சோறு போட்டுக்கொண்டுதான் நிற்பா. ஆகவே முடியாது. இது என் கடைசி முடிவு. எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. இன்றைக்குப் பின்னேரம் அக்கா வேலையால் வந்ததும் டிக்கெட்டைக் கையில் கொடுப்பதுதான் பாக்கி. அவவின் முகத்தை இப்போதே பார்க்கிற மாதிரி இருக்கிறது.

கிருசாந்திக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதத்தையும் சொல்லும். முருகன் உங்கள் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், டார்ம்ஸ்டாட்டிலேயே.

இப்படிக்கு,
உறுதியோடு,
உமது அத்தான்
விமலநாதன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் உமது அக்கா வந்துவிட்டா. டிக்கெட்டைக் கொடுத்து, நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். சியெனாவின் படத்தை நெடுநேரம் பார்த்தா. கண் கொஞ்சம் கலங்கியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல ஊரப்பா. நீங்கள் எனக்காக இவ்வளவு அலைஞ்சிருக்கிறியள். ஆனா உங்களோடை வந்தா, மத்தியானத்துக்குள்ளை நீங்கள் ஆரையாவது சொந்தமாக்கிக் கூட்டிக்கொண்டு வருவியள்” என்றா.

“அப்ப எங்கைதான் போகப் போறீர்?” என்று கேட்டேன்.

“ஓரிடமும் இல்லை. நீங்கள் எல்லாரும் போனா, எங்கட வீட்டிலைதான் ஒருத்தரும் இருக்கமாட்டினம். போனை நிப்பாட்டிப்போட்டு, எனக்கு மட்டும் ஒரு தேத்தண்ணி ஊத்தி, காலை நீட்டிக்கொண்டு இருக்கப் போறன். நீங்கள் சிறீயைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

இப்போது பாட்டுப் பாடிக்கொண்டு என் பெட்டியை அடுக்குகிறா. இவ்வளவு சந்தோசமாக அவ என்னை எந்த ஊருக்கும் அனுப்பி நான் பார்த்ததில்லை. ஆகவே மச்சான், மேலே எழுதியதை மறந்துவிட்டு வானைப் பாரும், குக்கரையும் ஏற்றும். சின்ன வான் போதும். அக்கா சற்று முன்தான் கிருசாந்தியோடு போனில் கதைத்தா. கிருசாந்தியும் பயணத்துக்கு வரவில்லையாம், தன் வீட்டிலேயே தனியாக நிற்கப் போகிறாவாம். உமக்கு இன்னும் சொல்லவில்லையாம். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.